மன்னிப்புக் கேட்டவளும் என் தம்பியும்

ஞாயிறு, இரவு.

ஒலிம்பிக் பேட்மிண்டனில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நம் மலேசியப் பெண் தோற்றுவிட்டாள். அதற்கு எனக்குக் கோபமில்லை. முழங்காலில் கட்டோடு ஆடியவள், முடிந்ததும் கேமரா முன்னால் நின்று அழுதுகொண்டே நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு? யார் குடியைக் கெடுத்தாள்?

பாயா ரும்புட் மாமாக் சாப்பாட்டுக் கடையில், பெரிய திரையில்தான் பார்த்தோம். என் தம்பி குமரன் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "நடிப்பு லா அக்கா. கால் வலின்னா அங்க எதுக்குப் போனா?" என்றான். அதோடு விட்டானா? போனை எடுத்து அவளுடைய இணையப் பக்கத்தில், 'வீட்டுக்குப் போய்ச் சமையல் கத்துக்கோ' என்று கமெண்ட் போட்டான்.

"அழிடா அதை" என்றேன்.

"எல்லாரும்தான் எழுதுறாங்க. உனக்கு ஏன் சுடுது?" என்று சிரித்தான். தே தாரிக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இன்னும் அழிக்கவில்லை. ஊரே சிரிப்புப் பொம்மை போட்டு ரசித்திருக்கிறது. அதற்குக் கீழேயே எழுதினேன்: "இது என் தம்பி. மாடிப்படி ஏறுனாலே இவனுக்கு மூச்சு வாங்கும். சமையலும் தெரியாது. இன்னும் அம்மாதான் சோறு போட்டுக் குடுக்கறாங்க."

போன் விடாமல் அடிக்கிறது. அவன்தான். அடிக்கட்டும்.