பதக்கம் வாங்காத நாடு

அன்புள்ள என் கணவருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஏழாம் வகுப்பில், ஓர் ஆண்டின் ஒலிம்பிக் பதக்கங்களை ஒவ்வொரு நாட்டின் மக்கள்தொகையால் வகுக்கச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த மாணவியின் நாட்டுக்கு அந்த ஆண்டு பதக்கமே இல்லை. “பூஜ்யத்த எதால வகுத்தாலும் பூஜ்யந்தான். உனக்கு வேலை மிச்சம்” என்றேன். வகுப்பே சிரித்தது.

“அந்த வருஷம் எங்க ஊர்ல சண்டை, டீச்சர். எங்க அண்ணன் நல்லா ஓடுவான். போட்டிக்குப் போகவே முடியல” என்றாள். அண்ணன் இப்போது எங்கே என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல டீச்சர்” என்றாள். ஆனால் அவள் இப்போது கை தூக்குவதே இல்லை. சொல்லைக் கொட்டிவிட்டேன், அள்ள முடியவில்லை.

அந்த மாணவிக்குக் கொடுக்க, நம் மகளின் பழைய நிலப்படப் புத்தகத்தை அனுப்புங்கள். அதில் நம் மகளையே தன் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், எனக்காக.

மணி அடித்துவிட்டது. அடுத்தது ஏழாம் வகுப்புதான்.

உங்கள் மனைவி