எண்ணெய்க் காகிதம் பிரிக்காத கத்தி

டேய்,

உன் சவரக்கத்தி இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயின் வாடை. அன்றைக்குக் கடைக்காரர் சுற்றிக்கொடுத்த எண்ணெய்க் காகிதம், இது என் கைக்கு வந்தபோது, மடிப்புகூடக் கலையாமல் அப்படியே இருந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால், இதைப் பார்த்த கையோடு கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க உன் சட்டையைப் பிடித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போன மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாய். எதிலும் முந்திக்கொள்வதுதானே உன் வழக்கம்.

பொள்ளாச்சிக்கு நாம் பஸ் ஏறிப் போன நாள் உனக்கு மறந்திருக்காது. மீனாட்சிபுரத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். அந்த வாரம் நான் போய்ப் பார்ப்பதாக இருந்தது. பிளேடு போட்டால் எனக்குக் கன்னமெல்லாம் தடித்துக்கொள்ளும். சவரக்கத்தி பழகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை என்று நீதான் ஆரம்பித்தாய். சலூன் சாமான் விற்கிற கடையில், அகலம் குறைந்த, முனை வட்டமாக இருந்த ஒரு சின்னக் கத்தியைக் கடைக்காரர் எடுத்துவைத்தார். புதிதாகப் பழகுகிறவருக்கு இதுதான் சரி, முனை குத்தாது, ஆனால் சாணை பிடிக்காமல் முகத்தில் வைக்கக் கூடாது, பிடித்துத் தருகிறேன், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார். எனக்கும் அதுதான் கைக்கு வாகாக இருந்தது. நீ அதைத் தள்ளிவைத்தாய்.

"இது கொழந்தைக்கு மொட்டை அடிக்கறதுடா. ஆம்பளைக்கு இதுதான்" என்று, கறுப்புக் கொம்புப் பிடி போட்டு, முனை ஊசியாக நின்ற அகலக் கத்தியைக் காட்டினாய். அதில் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். சாணைக்குக் காத்திருக்க நீ விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் கன்னத்தைத் தடவிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தாய். பளபளவென்று இருந்தது.

"நான் பண்ணிப் பாத்துட்டன்டா. வெண்ணெய்ல போற மாதிரி போவுது. சும்மா பயந்துக்காத."

அந்த வார்த்தையை நம்பித்தான் பெண் பார்க்கப் போகிற காலையில் கண்ணாடி முன்னால் நின்றேன். தீட்டாத கத்தி முடியை அறுக்காமல் இழுத்தது. கொஞ்சம் அழுத்தினேன். தாடை வளைவில் முனை உள்ளே இறங்கிவிட்டது. மஞ்சள்தூளை அப்பி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மீனாட்சிபுரம் போனேன். காப்பி டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே பெண்ணின் அப்பா, "ஏனுங்க தம்பி, யாரோட சண்டைங்க?" என்று கேட்டார். சவரம் செய்தபோது பட்டது என்றேன். கத்திக்குத்து வாங்கினவன், பொய்யும் சொல்கிறான் என்று அந்த வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். நீ அதைக் கதையாக்கி ஊர் ஊராகச் சொன்னாய். டீக்கடையில் சொன்னாய், நான் வேலை பார்க்கிற பால் சங்கத்துக்கே வந்து சொன்னாய், கடைசியில் என் கல்யாணப் பந்தலில் என் மாமியார் வீட்டார் நடுவில் நின்று நடித்தும் காட்டினாய். நான் கண்ணாடி பார்த்து நடுங்குவது, பிளாஸ்திரியோடு காப்பி குடிப்பது, எல்லாம். "அதே கத்திலதான் நான் தெனமும் பண்றன். இவனுக்குத்தான் கை நிக்கல" என்று முடிப்பாய். இன்றைக்கும் சங்கத்தில் பால் ஊற்ற வருகிற மலையாளத்துக்காரர்களுக்கு நான் 'கத்திச் சேட்டன்', தமிழ்க்காரர்களுக்குக் 'கத்தியண்ணன்'. என் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

உன்னை ஒரு தடவையாவது அப்படிச் சபையில் நிறுத்தி நாலு பேரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே உன்னோடு டீ குடித்த நாளிலெல்லாம் அதே நினைப்புதான். ஒன்றும் சிக்கவில்லை. நீ சொன்னதற்கெல்லாம் உன் முகமே சாட்சியாக இருந்தது, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

உன் கருமாதியன்று சாப்பாடு முடிந்ததும் பந்தலில் உன் சித்தப்பா மகன் அதே கதையை எடுத்தான். நீ செத்தும் நான்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். உன் மனைவி அலமாரியிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்துவந்து, உன் ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவன் தினமும் பிடித்த கத்தியாயிற்றே, வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

"அவரு எங்கீங்ணா இதத் தொட்டாரு? பயமுங்க. தேங்கா மண்டிக்குன்னு சொல்லிப்போட்டுப் பொள்ளாச்சி போயித்தான் சவரம் பண்ணீட்டு வருவாருங்க. இங்க பண்ணுனா உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்களே."

அப்படியானால் அந்தச் சாயங்காலப் பளபளப்பும் பொள்ளாச்சி சலூன் பளபளப்புதான். முதலில் என் கன்னத்தில் விட்டுப் பார்த்திருக்கிறாய். ரத்தத்தைக் கண்டதும் உன் பெட்டியை மூடிவிட்டாய். எத்தனை வருஷம், எத்தனை பஸ், என் ஒருவனிடம் மறைப்பதற்காக.

நான் அழவில்லை. பெட்டியோடு பந்தலுக்கு வந்து, எல்லார் முன்னாலும் திறந்து, அந்தக் காகிதத்தை மெதுவாகப் பிரித்துக் காட்டினேன். பஸ் கதையையும் சொன்னேன். நீ பின் ஸீட்டில் கன்னத்தை மறைத்துக்கொண்டு போவதை நடித்தும் காட்டினேன். பந்தலே குலுங்கியது. உன் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவ்வளவு இனித்தது. சிரிப்பு அடங்கியதும், நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று பழக்கத்தில், நீ எப்போதும் உட்காருகிற நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். அந்த இடத்தில் மாலை போட்ட போட்டோ இருந்தது. வாயைத் திறக்கவே முடியாத நேரமாகப் பார்த்து என்னிடம் மாட்டியிருக்கிறாய். அதை நான் மன்னிப்பதாக இல்லை.

போன வாரம் உன் கத்தியைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய், ஊசி முனையைத் தேய்த்து வட்டமாக்கி, சாணையும் பிடித்துவந்தேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய கத்தியாக அதை ஆக்கிவிட்டேன். இன்று காலை அதில்தான் சவரம். நன்றாகத்தான் போகிறது. தாடை வளைவுக்கு வந்ததும் கத்தியைத் தூக்கி, பழைய தழும்பைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தேன். அந்தத் தழும்பில் அன்றையிலிருந்து முடி முளைப்பதில்லை. உன் வாழ்நாளில், அதுவும் என் கையைக்கொண்டு, நீ சவரம் செய்த இடம் அது ஒன்றுதான்.