பச்சையாகிவிட்ட வளைவு

9 மார்ச் 2007, வெள்ளி

கழக்கூட்டத்தில் ஏப்ரல் கடைசியில் நாங்கள் மாறப்போகும் புது ஆபீசுக்கு, ஏசி காற்று போகும் டக்ட் வரைகிறேன். பீம் குறுக்கே நிற்பதால் ஓர் இடத்தில் டக்டை ஒடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் காற்றின் அழுத்தம் அளவுக்கு மேல் குறைகிறதாம். திரையில் அந்த வளைவு எச்சரிக்கைச் சிவப்பாகவே நின்றது. காலையிலிருந்து எல்லா அளவையும் சரிபார்த்தேன். சாஃப்ட்வேர் மசியவில்லை.

சாயா குடித்துவிட்டு வந்தால் வளைவு பச்சையாக இருக்கிறது. "சேச்சி, எல்லாம் சரியாயி," என்று பக்கத்து சீட் பிஜு சிரித்தான். மேனேஜர் அவன் முதுகில் தட்டிவிட்டு என்னிடம், "இதுக்குப் போய் ஒரு நாளா, மீனா? பிஜுவைப் பாத்துப் படி," என்றார். படம் உடனே காண்ட்ராக்டருக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் பார்த்தேன். அழுத்தக் கணக்கில் ஓர் எண்கூட மாறவில்லை. படுபாவி, எச்சரிக்கையின் நிறத்தை மட்டும் பச்சையாக்கி வைத்திருக்கிறான்!

திங்கட்கிழமை போனதும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறையைக் காற்று எட்டிக்கூடப் பார்க்காது.

யார் அறை என்று இப்போதுதான் படத்தை விரித்துப் பார்த்தேன். மேனேஜர் கேபின்.

திங்கட்கிழமை வேண்டாம். மே மாதம் சொல்லலாம்.