விட்டுப்போன ஒரு வரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. நான் நலம், இன்று ரொம்பவே நலம். அவசரமாக எழுதுவதால் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். மத்தியானம் ஓய்வூதியர்கள் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. நாம் ஜெயித்துவிட்டோம். மூன்று மாதமாக நின்றுபோன உங்கள் ஓய்வூதியத்தை வெள்ளிக்கிழமைக்குள் அரசு கொடுத்தாக வேண்டும். நானும் அரசு ஊழியர்தான், 'நாம்' என்று எழுதக் கூடாது, எழுதிவிட்டேன்.

அத்தானுக்கும் படித்துக் காட்டு. சிக்கல் இதுதான். அரசு இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம். ஓய்வூதியத்தை மாதம் தவறாமல் கொடுத்தே தீர வேண்டும் என்று இன்னொரு சட்டம். கஜானா காலி, கடன் வரம்பும் முட்டிவிட்டது. எந்தச் சட்டத்தை மீறுவது? நிதித் துறையினர் இளைத்தவர்களாகப் பார்த்து உங்கள் சட்டத்தை மீறிவிட்டார்கள்.

அந்தக் கடன் வரம்புச் சட்டத்தை ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியவள் நான். 'வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இதுவே செல்லும்' என்றொரு வரி இப்படிப்பட்ட சட்டங்களில் வழக்கமாக உண்டு. எங்கள் வரைவுப் பிரிவில் அதை உப்புப் போடுவது போலக் கடைசியில்தான் சேர்ப்போம். அன்றைக்கு நான் உப்புப் போட மறந்துவிட்டேன். எனக்கு மேலே மூன்று பேர் ருசி பார்த்துக் கையெழுத்தும் போட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

அது வெறும் மறதி என்று நானே கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டால், அந்த வரி இருப்பதாகவே வைத்துப் படிக்கும்படி கேட்கலாம் என்பது அரசு வக்கீலின் கணக்கு. என் மேலதிகாரியை உனக்குத் தெரியுமே, ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புவதால் நாங்கள் 'கமா' என்று கூப்பிடுகிறவர். அவர் என்னை அழைத்து, "மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடும்மா. உன் பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு" என்றார்.

போன வாரம் சாட்சிக் கூண்டில் ஏறினேன். என் அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ், அவளுக்கும் பணம் வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நீதிபதி அம்மா, "பென்ஷன்காரங்க இல்லாத வீடு இங்க யாரோடது, மேல சொல்லுங்க" என்றார். மறந்தீர்களா இல்லையா என்று வக்கீல் கேட்டார். நான் சொன்னேன்: "மறந்துட்டேன் சார். ஆனா சட்டசபையில கை தூக்கினவங்க நான் எழுதினதுக்குத்தான் தூக்கினாங்க, நான் மறந்ததுக்கு இல்ல." நீதிபதி பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இன்றைய தீர்ப்பும் அதையேதான் சொல்கிறது. இல்லாத வரியைச் சேர்த்துப் படிக்க முடியாதாம். பணம் போதவில்லை என்றால் அரசு சபைக்குப் போய் வரம்பை உயர்த்தட்டும், இல்லை மக்கள் மேல் வரி விதிக்கட்டும். கொடுத்த வாக்கை மட்டும் தள்ளிப் போட முடியாது என்றார்கள். எனக்கு ஆனந்தத்தில் அழுகை வந்துவிட்டது, பக்கத்திலிருந்த டைப்பிஸ்ட் கைக்குட்டை கொடுத்தாள்.

பதவி உயர்வு ஊத்திக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன், போகட்டும். கமா வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பத்தடி போய்த் திரும்பி வந்து, "அன்னிக்கு அந்த வரி விட்டுப்போனதை நானும்தான்மா பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. நீ ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதாக அத்தான் போனில் உளறிவிட்டார். டாக்டர் குறைத்துவிட்டார் என்று என்னிடம் கதை விட்டாயே. நான் அனுப்பிய பணத்தையும் திருப்பி அனுப்பினாய், உன் ரோஷம் யாருக்கு வரும். முப்பது வருடம் வார்டில், "முழுசா முழுங்குங்க" என்று எத்தனை பேரை விரட்டியிருப்பாய்?

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ. இன்றைக்கு முழு மாத்திரையாகப் போட்டுக்கொள். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

உன்,
மறதிக்காரத் தங்கை