பூனை ஓடிப்போனது

செல்லக் கழுதைக்கு,

இந்த அகராதி வேலை உன் அப்பனைப் பாடாய்ப் படுத்துகிறது. இப்போது 'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். குழாயில் தண்ணீர் கொட்டினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உதாரண வாக்கியம் எழுத வேண்டும்.

நான் எழுதியவற்றைப் படித்துவிட்டு அகராதியின் பதிப்பாசிரியரம்மா சிரித்தார். "யாரு சார் இந்தப் பொண்ணு? குழாயை மூடாம போறா, மூக்கு ஒழுகிக்கிட்டே பள்ளிக்கூடம் போறா, பஸ் பின்னாடி ஓடுறா!" நான் அடுத்த தாளை நீட்டினேன்.

வீட்டை விட்டு ஓடிப்போவது என்ற பொருளுக்கு மட்டும் உன்னை எழுதக் கை வரவில்லை. பூனையைப் போட்டேன். 'பூனை ஓடிப்போனது. திரும்பி வந்தபோது கூடவே இன்னொரு பூனையும் வந்தது. இரண்டுக்கும் பால் வைத்தார்கள்.'

"முதல் வாக்கியமே போதுமே சார், மத்ததெல்லாம் எதுக்கு?" என்று வெட்டப் போனார். விடவில்லை. சண்டை போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அது கிடக்கட்டும். மாப்பிள்ளைக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு போட வேண்டும் என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாகவே இருக்கும்
அப்பா