முழத்தைத் தாண்டிய கொடுக்காப்புளி

3 செப்டம்பர் 1972, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் சங்கக் கூட்டம். ராயபுரம் குட்டை மரச் சங்கம் என்று பெயரைச் சொன்னாலே பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தட்டில் முழ உயரத்துக்கு நிற்கிற ஆலமரத்தைப் பார்க்காத ஜென்மங்கள். நான் சேர்ந்து மூன்று மாதம்தான். அதற்குள் வீட்டிலுள்ள கரண்டியெல்லாம் மண் கிளறப் போய்விட்டது என்று அம்மா புலம்புகிறாள்.

இன்று ஒரு அரசங்கன்றுக்குத் தீர்ப்பு. சங்கத்தில் சட்டம் ஒன்றே ஒன்று: மரம் தலைவர் வால்டர் அங்கிளின் முழத்தைத் தாண்டக் கூடாது. ரயில் என்ஜின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். முழங்கையை மேஜையில் ஊன்றிக் கையை நிமிர்த்துவார். அவருக்கு நடுவிரல் நுனி எப்போதோ கதவிடுக்கில் போய்விட்டது. அதனால் எங்கள் சங்கத்து முழம் ஊர் முழத்தைவிடக் கொஞ்சம் குட்டை. அரசு தாண்டிவிட்டது. “தரையில வெச்சிடு” என்றார். அவ்வளவுதான், அதைத் தரையில் நட்டுவிட வேண்டும், இனி சங்கத்தில் இடமில்லை.

பக்கத்து நாற்காலியில் சிலுவைமுத்து. துறைமுகத்தில் தூர் வாரும் கப்பலில் ஃபிட்டர். மடியில் அவருடைய கொடுக்காப்புளி. லாரி ஏறி நசுங்கிக் கிடந்த கன்றை கோடவுன் ஓரத்திலிருந்து எடுத்து வந்து எட்டு வருஷமாக வளர்க்கிறாராம். காற்றுக்கு முதுகு கொடுத்தது போல வளைந்த அடிமரம், நகக்கண் அளவு இலை. நான் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும்.

10 செப்டம்பர்

தலைகால் புரியவில்லை. மரம் என் வீட்டு மாடியில் இருக்கிறது! அவருடைய மரம்!

வெளியூர் போகிறவர் மரத்தை இன்னொரு உறுப்பினரிடம் விட்டுப்போவது சங்க வழக்கம். தண்ணீர் ஊற்றலாம், கத்தரி வைக்கக் கூடாது. வெட்டுகிற உரிமை சொந்தக்காரருக்கு மட்டும். சிலுவைமுத்து பொங்கல் வரை தூத்துக்குடியில் வேலைக்குப் போகிறார். மரம் தையற்காரர் சௌக்கத் அலி பாயிடம்தான் போகும் என்று எல்லாரும் இருந்தோம். நேராக வந்து என் கையில் கொடுத்தார்.

“தண்ணி மட்டும் ஊத்துங்க டீச்சர். பாவம் பாக்காதீங்க.”

பொங்கலன்று சங்கத்தின் முதல் கண்காட்சி. நடு மேஜை இந்த மரத்துக்கு என்று முடிவாகிவிட்டது. நான் ஏன் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்?

11 செப்டம்பர்

மூன்றாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது “கொடுக்காப்புளி” என்று கூப்பிட்டுவிட்டேன். ஒரு பிள்ளை “உள்ளேன் டீச்சர்” என்றது.

1 அக்டோபர்

இலை பழுக்கிறது. தினமும் நாலைந்து உதிர்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அம்மா சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் வழக்கமாக எண்ணெய் டின்னில் இருக்கிற கறிவேப்பிலைக்குப் போகும். அது ஆள் உயரம் நிற்கிறது. மரத்தைக் காட்டினேன். “பட்டினி போட்டா இன்னாத்துக்கு வளரும்?” என்றாள். எனக்கும் பாவமாக இருந்தது. தட்டு எவ்வளவு சின்னது, மண் ஒரு பிடி. ஒரு தம்ளர் ஊற்றினேன். ஒரே ஒரு தம்ளர்.

15 அக்டோபர்

துளிர்! கிளைக்குக் கிளை துளிர்! அம்மாவைக் கட்டிக்கொண்டேன். இப்போது தினம் ஒரு தம்ளர். தெருப் பூனைகளெல்லாம் எங்கள் மாடியில்தான் குடித்தனம்.

12 நவம்பர்

செல்லக்கனி அக்கா வந்தார். மளிகைக்கடைக்காரர் வீட்டு அக்கா, சங்கத்திலேயே நல்ல ஆலமரம் அவருடையது. ஆசையாக மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினேன். இந்த மழையில் கொடுக்காப்புளி நாலு பக்கமும் கை நீட்டி நிற்கிறது, இலை இரண்டு மடங்கு. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏ டீச்சர், இது குட்டையா கெடக்கணும்லா? என்னத்தப் போட்ட?”

அப்போதுதான் உறைத்தது. இலை சிறுக்கத்தான் பட்டினி. எட்டு வருஷம் அவர் பார்த்துப் பார்த்து வளைத்த வடிவம் இந்தப் புதருக்குள் எங்கேயோ போய்விட்டது. செத்திருந்தாலாவது ஆண்டவர் மேல் பழி போடலாம். இது தழைச்சி நிக்குதே! ஐயோ, இன்னா பண்ணி வெச்சிருக்கேன் நான்! நம்பிக் குடுத்தாரே மனுசன்—

10 டிசம்பர்

வால்டர் அங்கிளும் சௌக்கத் அலி பாயும் பார்க்க வந்தார்கள். பாய் கையில் தையல் கத்தரி. இப்போது நறுக்கினால் பொங்கலுக்குள் ஓரளவு படிந்துவிடும், யாருக்கும் தெரியாது என்றார். வால்டர் அங்கிள் சட்டத்தின் காவலர், ஆகவே திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கத்தரியை வாங்கினேன். கிளையில் வைத்தேன். மனசு வரவில்லை. கெடுத்தது நான், அதை மறைத்து அவர் கையில் நீட்ட வேறு வேண்டுமா? அவரே பார்க்கட்டும், திட்டட்டும், பேசாமலே போகட்டும். கடைசியாக எழுதியதுதான் பயமாக இருக்கிறது.

அவர்கள் போனதும் அழுதேன். ஒரு பூனை வந்து தட்டை மோந்து பார்த்துவிட்டு என்னையும் மோந்து பார்த்தது. சிரிப்பு வந்துவிட்டது.

13 ஜனவரி 1973

வந்துவிட்டார். மார்க்கெட்டில் தூரத்தில் பார்த்தேன். வாழைத்தார்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முப்பத்திரண்டு வயதுப் பொம்பளை.

14 ஜனவரி

ரிக்‌ஷாவில் கொண்டு போனேன். முள் மாட்டி ரிக்‌ஷாவின் மேல்படுதா கிழிந்தது.

மண்டபம் நிறையக் கூட்டம். வால்டர் அங்கிள் கையை நிமிர்த்தினார். மரம் அவர் விரலையும் தாண்டி எங்கேயோ போனது. “முழத்த தாண்டிடிச்சி. தரையில வெச்சிடு” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சிலுவைமுத்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். மீன் கழுவின தண்ணீர் என்றேன். குனிந்து மண்ணை மோந்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து சிரித்தார். எனக்கு எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை.

“எட்டு வருசம் எங்கையில கீது. ஒரு நாளும் இப்டி சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல. இத்த வெட்ட எனுக்கும் மனசு வரல.”

அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“தரையில வெக்கணும்ன்றாரு. எனுக்கும் மாடி, உங்களுக்கும் மாடி. தரை கீற வூடா பாக்கலாமா, மேரி?”

டீச்சர் எங்கே போனது? மேரியாம்! நான் சொன்ன பதில்: “முள்ளு குத்துது.” யாராவது இப்படிப் பதில் சொல்வார்களா? பிறகு தலையை ஆட்டினேன். தேவைக்கு மேலேயே ஆட்டினேன். செல்லக்கனி அக்கா என் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தார்.

15 ஜனவரி

கனவில்லை. உள்ளங்கையில் முள் இன்னும் இருக்கிறது.

13 ஏப்ரல் 1975, ஞாயிறு. திருவொற்றியூர்

சங்கம் முழுக்க இன்று எங்கள் வீட்டு வாசலில். கொடுக்காப்புளி முதன்முதலாகக் காய்த்திருக்கிறது. அவர் தொரட்டியால் பறித்துப் போட, சௌக்கத் அலி பாய் குல்லாவில் பிடித்தார். அம்மா வழக்கம்போல மீன் கழுவின தண்ணீரை அடியில் ஊற்றிவிட்டு, இது யார் வளர்த்த மரம் தெரியுமா என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். வால்டர் அங்கிள்தான் ஞானத்தகப்பன். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் குனிந்து, பாயில் கிடந்த பாப்பாவின் பக்கத்தில் கையை நீட்டி வைத்தார். எல்லாரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். குதிகாலில் முழங்கை, உச்சந்தலைக்கு எட்டவில்லை அந்த நுனியில்லாத விரல்.

“தாண்டிடிச்சி” என்றார். “சங்கத்துல எடமில்ல. தரையில வெச்சி வளத்துக்கோங்க.”