தீவனத்தைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நேற்று போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து அந்த நம்பிக்கை பாதிதான் மிச்சம் இருக்கிறது. இங்கே நானும் உன் தம்பியும் சௌக்கியம். அம்மா தேறி வருகிறாள். தேறி வருகிறாள் என்றதும் உனக்குத் திக்கென்று இருக்கும், பதறாமல் கடைசிவரை படி. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நடுவிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். தம்பி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவான். உங்கள் ஆராய்ச்சி எலிக்கூடத்தில் தீவனமும் மருந்தும் கொடுக்கும் அண்ணன்தான் மருந்தை இரட்டிப்பாக ஊற்றி எலிகளைக் கொன்றார் என்று வியாழக்கிழமை கூட்டத்தில் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறாய் அல்லவா, அதற்கு முன் இதை நீ படித்தாக வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் அம்மாவுக்கு மூக்கில் லேசாக இரத்தம் வந்தது, காட்டிவிட்டு வந்தோம் என்று சொன்னோமே, அது பாதிப் பொய். ஒன்றரை மணி நேரம் இரத்தம் நிற்கவில்லை. மேல் கையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போய், கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கையளவு ஒரு தடம். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இதய வால்வு மாற்றியதிலிருந்து இரத்தம் உறையாமலிருக்க அவள் சாப்பிடும் மாத்திரைதான் காரணம், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனையில் மூன்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அளவு ஏழைத் தாண்டியிருந்தது. நானே தினமும் கையில் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை, அதே அளவு, அதே நேரம். பிறகு எப்படி என்று யோசித்தபோது, அந்த மாதம் மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை அட்டை கொடுத்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அம்மா படுக்கையில் இருக்கும்போதே மருந்துக்கடைத் தம்பி தப்பு மாத்திரை கொடுத்துவிட்டார் என்று முதலாளிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். எவ்வளவு நன்றாக எழுதினேன் தெரியுமா, தேதி, நேரம், மாத்திரை நிறம், எல்லாம் வரிசையாக, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. மூன்றாம் நாள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நேற்று மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இதே மருந்துதான், இதே அளவுதான் என்றார். பிறகு அம்மாவிடம் சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். அம்மா என் பக்கம் கையைக் காட்டி, "என்னை ஏன் கேக்கறீங்க, எங்க வீட்டு வாத்தியாரைக் கேளுங்க, அவருதான் ஒரு மாசமா கீரையைக் கண்ணுலயே காட்டல" என்றாள். உண்மைதான். கீரை இந்த மாத்திரைக்கு எதிரி என்று எங்கோ படித்துவிட்டு, கீரை, கோஸ், பச்சையாக எது இருந்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். முன்பு டாக்டரம்மா சொன்னது வேறு, கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், தினமும் ஒரே மாதிரி சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னார். எனக்கு முதல் பாதி கேட்டது, இரண்டாம் பாதி கேட்கவில்லை. வகுப்பில் இதற்குக் கயிறு இழுக்கும் போட்டியைத்தான் உதாரணம் சொல்வேன். ஒரு பக்கம் மாத்திரை இழுக்கிறது, மறுபக்கம் கீரையில் இருக்கும் வைட்டமின் கே இழுக்கிறது, இரண்டும் சமமாக இழுப்பதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரை அளவை வைக்கிறார். ஒரு பக்கத்து ஆட்களைத் திடீரென்று வெளியே கூப்பிட்டுவிட்டால் மறுபக்கத்துக்காரர்கள் தடாலென்று விழுவார்கள். மாத்திரை ஒரு துளிகூடக் கூடவில்லை மகளே, எதிர்ப்பக்கத்தைக் காலி செய்தவன் நான்.

இனி உன் விஷயம். மருந்து கொடுத்த எலி முதல் அறையில் பன்னிரண்டு, இரண்டாம் அறையில் பன்னிரண்டு, அம்மா மாத்திரை போல இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, முதல் அறையில் எல்லாம் பிழைத்திருக்க இரண்டாம் அறையில் மட்டும் ஏழு எலி உள்ளுக்குள் இரத்தம் கசிந்து செத்தன என்றாய். அந்த அண்ணன் அளந்துதான் ஊற்றினேன் என்று சாதிக்கிறார், பொய் சொல்கிறார் என்றாய். சரி. ஆனால் போன மாதம் நீயே வேறொன்று சொன்னாய், நினைத்துப் பார். புது அறையான அந்த இரண்டாம் அறையில் கிருமி வரக்கூடாது என்று தீவனத்தை இரண்டு தடவை ஆவியில் வைக்கச் சொன்னேன், கூண்டுக்குள் பரப்பும் மரத்தூளை எடுத்துவிட்டுக் கம்பிவலைத் தளம் போட்டேன், புழுக்கையெல்லாம் கீழே விழுந்துவிடும், அவ்வளவு சுத்தம் என்று பெருமையாகச் சொன்னாய். எலி தன் புழுக்கையைத் தானே தின்னும் என்று பாடம் நடத்தினால் வகுப்பே முகத்தைச் சுளிக்கும், ஆனால் அதன் குடலில் உண்டாகும் வைட்டமின் கே அதற்குத் திரும்பக் கிடைக்கிற வழி அது ஒன்றுதானே. வலை போட்டு அதை அடைத்தாய். தீவனத்தில் இருந்தது இரண்டு தடவை வெந்ததில் எவ்வளவு மிஞ்சியது என்று யாராவது பார்த்தீர்களா? உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. எனக்கும் தெரிந்ததுதான், முப்பத்தொரு வருஷம் அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். கண்ணெதிரே ஒரு ஆள் கிடைத்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, நான் உன் கூடத்தைப் பார்த்தவன் இல்லை. பார்ப்பதற்கு வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இரண்டாம் அறையில் மருந்தே கொடுக்காமல் வைத்திருக்கும் எலிகள் இருக்குமே, அவற்றின் இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று முதல் அறையின் மருந்தில்லாத எலிகளோடு ஒப்பிட்டுப் பார். அங்கேயும் தாமதமானால் மருந்து ஊற்றியவர் மேல் பழி போட முடியாது. ஆவியில் வைத்த தீவனத்தில் ஒரு பிடியும், வைக்காததில் ஒரு பிடியும் சோதனைக்கு அனுப்பு, மிச்ச மூட்டையை யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பூட்டி வை. முடிவு வர வியாழன் தாண்டும் என்றால் அறிக்கையும் வியாழன் தாண்டட்டும். அப்படிச் சொன்னால் தீவனத்தை வேகவைக்கச் சொன்னது யார் என்று கூட்டத்தில் கேட்பார்கள், உன்னைத்தான் கேட்பார்கள். பதவி உயர்வு நேரத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்று காலை மருந்துக்கடைக்குப் போய் என் புகார் தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, வேறு ஆள் போட்டாச்சே சார் என்றார். வீட்டை விசாரித்துக்கொண்டு அந்தத் தம்பியைப் பார்க்கப் போனேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார், அதுவே எனக்குத் தாங்கவில்லை. முழுதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன் சார், வீட்ல சாப்பாடு மாத்தினீங்களான்னுதான் நான் முதல்ல கேட்டிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். தெரிந்த கடைகளில் எல்லாம் அவருக்காக நாளையிலிருந்து கேட்கப் போகிறேன், கிடைக்கும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க, தன் மேல தப்புன்னா அவ ஒத்துக்குவா, உங்களை மாதிரி ஒரு மாசம் எடுத்துக்க மாட்டா" என்றாள். அவளுக்கு இரத்தப் பரிசோதனை அளவு இப்போது மூன்று, தினமும் மதியம் ஒரு கரண்டி கீரை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ கவலைப்பட்டு லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம். உனக்கு நல்ல மனசும் திடமும் குறையாமல் இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. நாளைக்குக் காலையில் கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த அண்ணனுக்கு ஒரு நாற்காலி போட்டு, அண்ணே, என்ன நடந்தது, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை நீ பேசாதே.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அப்பா